பெயரை இழந்தவன் வேலியை இழந்தான்!



நிலத்துக்கே செடியின் பெயரை இட்டு வாழ்ந்த இனம் நம் இனம். மலையையும் மலை சார்ந்த இடத்தையும் குறிஞ்சி என்றோம். குறிஞ்சி வானளாவிய மரமன்று. பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் புதர்ச்செடி. போருக்குப் புறப்பட்ட மறவன் சூடிய வெட்சியும் புதர்ச்செடியே. மதிலைக் காத்து நின்றவன் சூடிய நொச்சியும் புதர்ச்செடியே. அந்த இனத்தில் பிறந்தவன் இன்று தன் நிலத்தின் வரப்பில் நிற்கும் நொச்சியைப் பார்த்து, “இது ஏதோ முட்புதர்” என்கிறான். நொச்சிக்கு முள்ளே கிடையாது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை!

இது வெறும் சொல்லிழப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பெயர் போனதும் செடி போகிறது. செடி போனதும் வேலி போகிறது. வேலி போனதும் மாந்தனுக்கும் மானுக்கும் பகை மூள்கிறது. அந்தப் பகையின் முடிவில் மின்கம்பியில் சிக்கி மான் சாகிறது. சில வேளை உழவனும் சாகிறான். இந்தச் சங்கிலியின் முதற்கண்ணி எங்கே அறுந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

புதர் என்று ஒரு செடி உண்டா?

காட்டோரத்துச் சிற்றூர்களில் இன்று நடப்பது என்ன? நகரத்தில் பொருளீட்டியவர் ஒருவர் வருகிறார், நிலம் வாங்குகிறார், பண்ணைவீடு எழுப்புகிறார். அவர் செய்யும் முதல் வேலை, மண்வாரிப் பொறியைக் கொண்டுவந்து “புதரை” அழிப்பது. ஒரே பகலில் சூரையும் காரையும் களாவும் சங்கஞ்செடியும் ஆவாரையும் வேரோடு பெயர்ந்து விழுகின்றன. அவற்றின் வயது அவருக்குத் தெரியாது, பெயர் தெரியாது, பயன் தெரியாது. அவருக்கு எல்லாம் புதர்! பெயரில்லாததை அழிக்க எவருக்கும் கை கூசுவதில்லை.

அடுத்து என்ன செய்கிறார்? நாற்றுப்பண்ணைக்குப் போய் அயல்நாட்டு அழகுச்செடிகளை வாங்கி வருகிறார். குரோட்டன், துரந்தா, போகன்வில்லா என்று வாய் நிறைய அவற்றின் பெயர்களைச் சொல்கிறார். தன் மண்ணில் தானே முளைத்த ஆவாரையின் பெயர் அவர் நாவில் வராது. எங்கோ பிறந்த செடியின் பெயர் தேனாய் இனிக்கும். ஈதன்றோ அடிமை உள்ளம்!

பிறகு கோடை வருகிறது. காட்டுக்குள் புல் காய்கிறது, சுனை வற்றுகிறது. புள்ளிமான் இயல்பில் புல் மேய்வது. புல் காய்ந்த காலத்தில் இலையையும் தளிரையும் நாடுவது. பண்ணைவீட்டில் நீர் பாய்ச்சி வளர்த்த இளந்தளிர் அதற்கு விருந்தாகத் தெரிகிறது. வேலியாய் நின்ற முட்செடிகளோ வெட்டப்பட்டுவிட்டன. மான் வருகிறது, மேய்கிறது. உடனே பண்ணைவீட்டார் கூக்குரலிடுகிறார்: “மான் தொல்லை! மான் தொல்லை!” ஐயா, தொல்லையை விலைகொடுத்து வாங்கி நட்டவர் நீங்கள் அல்லவா?

மூவர் பறித்த பெயர்கள்

நம் செடிகளின் பெயர்களை மூன்று கைகள் பறித்தன.

முதற்கை வடமொழிக்கை. நொச்சியை நிர்க்குண்டி என்றும், எருக்கை அருக்கம் என்றும், ஆடாதோடையை வாசா என்றும் மருந்துக்கடைப் புட்டிகளில் அச்சிட்டு விற்கிறார்கள். நம் கொல்லையில் நிற்கும் செடியின் இலையை, பெயர் மாற்றி நமக்கே விற்கும் திறமையைப் பாருங்கள்! வாங்குகிறவனுக்கோ தன் வீட்டு வேலியில் நிற்பதும் புட்டிக்குள் இருப்பதும் ஒன்றே என்பது தெரியாது.

இரண்டாவது கை ஆங்கிலக்கை. பள்ளியில் செடிநூல் கற்கும் மாணவன் இலத்தீன் பெயரை மனப்பாடம் செய்கிறான். தாய்மொழிப் பெயரைக் கேட்டால் விழிக்கிறான். இலத்தீன் பெயரை நாம் வெறுக்கவில்லை. அஃது உலக அறிஞர் தமக்குள் பிழையின்றிப் பேசிக்கொள்ள வகுத்த பொதுப்பெயர். ஆனால் அந்த அறிஞர்கள் நம்மவரைப்போல் ஊர்ப்பெயரை இகழவில்லை. செடிகளுக்கு முறைப்படி பெயரிட்ட இலின்னேயசு, 1753இல் வெளிவந்த தம் நூலில் ஆடாதோடைக்கு இட்ட பெயரிலேயே ‘அதாதோடா’ என்னும் சொல் இருக்கிறது. நம் நாட்டிலும் ஈழத்திலும் ஊர்மக்கள் வாயில் வழங்கிய பெயரை ஐரோப்பியர் கேட்டுப் போற்றி எடுத்துக்கொண்டனர். ஆடு தொடா இலை என்பதே ஆடாதோடை என்று நம் பெரியோர் பொருள் சொல்வர். கசப்பு மிக்க அவ்விலையை ஆடு தொடாது. அப்பெயரை அறிந்தவனுக்கு, மேயும் விலங்கு வாய் வைக்காத வேலிச்செடி எது என்று வேறொருவர் சொல்ல வேண்டுமா? பெயரே தோட்டக்கலைப் பாடம்!

மூன்றாவது கை நம் சோம்பற்கை. பாட்டனிடம் கேட்காத பேரன், ஆடு மேய்ப்பவரை ஏளனமாய்ப் பார்க்கும் படித்தவன், “செடி” என்ற ஒற்றைச் சொல்லோடு பாடத்தை முடிக்கும் ஆசிரியன், இவர்கள் மூவரும் அந்தக் கையின் விரல்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொன்னார். அப்பாட்டு ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடப்பட்டது என்பது பழங்குறிப்பு. அயலானுக்குத் தமிழ் கற்பிக்கவே தொண்ணூற்றொன்பது பூப்பெயர் வேண்டியிருந்தது. தமிழனுக்கு இன்று ஒன்பது தெரியுமா? என் வகுப்பில் பத்துப் புதர்ச்செடிகளின் பெயரை எழுதச் சொன்னால், உழவர் வீட்டுப் பிள்ளைகளே ஐந்தோடு எழுதுகோலை வைத்துவிடுகிறார்கள்.

போலிப்பெயரில் மயங்காதீர்!

இங்கே நம் அன்பர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தமிழ்ப்பெயர் தாங்கியதெல்லாம் தமிழ்மண்ணின் செடி அன்று. காட்டாமணக்கு என்ற பெயரைக் கேட்டு, அது நம் காட்டுச்செடி என்று நம்புவோர் பலர். அதன் தாயகம் அமெரிக்கா. சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததே. உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாப் பூங்காவுக்கு அழகுக்காகக் கொணரப்பட்டது. இன்று மேற்குமலைச் சாரலில் புல்வெளியை மூடி மானின் உணவைப் பறித்துக்கொண்டிருக்கிறது. சீமைக்கருவேல், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக இந்நாட்டில் ஊன்றப்பட்டது. நம் கருவேலின் பெயரையே திருடி முன்னால் “சீமை” என்று சேர்த்துக்கொண்டது. இன்று பலர் கருவேல் என்றாலே அதைத்தான் எண்ணுகிறார்கள். அயலானை வெட்டுகிறேன் என்று புறப்பட்டு நம் நாட்டுக் கருவேலை வெட்டிச் சாய்ப்பவரும் உண்டு.

ஆகவே வேறுபாட்டைக் கண்ணால் அறிந்துகொள்ளுங்கள். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. சீமைக்கருவேலின் பூ நீண்ட கதிர். நாட்டுக் கருவேலின் காய் மணி கோத்த மாலைபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலின் நெற்று அவ்வாறு இடுங்காமல் நீண்டு பழுப்பு மஞ்சளாய்த் தொங்கும். அந்த நெற்று இனிப்பாக இருப்பதால் மானும் ஆடும் தின்று விதையைப் பரப்புகின்றன. கோடியக்கரையில் புல்வாய் மேயும் புல்வெளிக்குள் அச்செடி புகுந்தது இவ்வழியாகவும்தான். மானைக் குறைசொல்லாதீர்கள், நெற்றைக் கொண்டுவந்து ஊன்றியது மாந்தன்.

உண்ணிச்செடியின் தண்டு நாற்கோணமாய், கொக்கிபோல் வளைந்த சிறுமுட்களோடு இருக்கும். சொரசொரப்பான இலைகள் எதிரெதிராய் நிற்கும். ஒரே கொத்தில் பல நிறப்பூக்கள் இருக்கும். கனி கருத்துத் திரளும். நொச்சியோ ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து இலைகளை விரல்போல் விரிக்கும். இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும். கசக்கினால் காரமணம் எழும். பூ நீலச் சாயலுடையது. ஆவாரையின் சிற்றிலைகள் இணை இணையாய் அடுக்கியிருக்கும், இலைக்காம்பின் அடியில் காதுமடல்போல் அகன்ற செதில் ஒட்டியிருக்கும், பூ பொன்னிறம். சங்கஞ்செடியின் கணுவுக்குக் கணு நான்கு முட்கள். களாவைக் கிள்ளினால் பால் வடியும். அதன் முள் சில வேளை கவைபடும். சூரையின் முள் கொக்கியாய் வளைந்து ஆடையைப் பற்றும். விராலியின் இலை பளபளத்துக் கையில் பிசுபிசுக்கும். காய்க்குச் சிறகு உண்டு. இவ்வளவுதான்! ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக் கூடிய கல்வி இது.

கொங்கு நாட்டின் விடை

“வேலிக்கு மாற்றென்ன?” என்று கேட்போர் கொங்கு நாட்டைப் பார்க்கட்டும். காங்கயம், தாராபுரம், மூலனூர், கரூர் வட்டாரங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சல்நிலம் உண்டு. கொழுக்கட்டைப்புல் தரையில், வெள்வேல் மரம் இடையிடையே, நாற்புறமும் முட்கிளுவை வேலி. காங்கயம் காளை வளர்ந்தது அந்த வேலிக்குள்ளேதான். கிளுவைப் போத்தை வெட்டி ஊன்றினால் வேர்விடும். கம்பி வேண்டா, கல்தூண் வேண்டா, மின்னோட்டம் வேண்டா. கம்பிவேலி நாளுக்கு நாள் துருப்பிடிக்கும். கிளுவைவேலி ஆண்டுக்கு ஆண்டு அடர்த்தியாகும். அதற்குள் பறவை கூடு கட்டும், கீரி ஒளியும், ஓணான் பூச்சி பிடிக்கும்.

இதே முறையை மான் நடமாடும் நிலத்துக்கு ஏற்றவாறு விரித்துக்கொள்ள என்ன தடை? வெளிவரிசையில் கிளுவை, சங்கு, களா, காரை, சூரை என முள்ளுடையவை. உள்வரிசையில் நொச்சி, ஆடாதோடை, ஆவாரை, விராலி என மேயும் விலங்கு விரும்பாதவை. அவற்றுக்கும் உள்ளே கீரையும் காயும் பூவும். கம்பியின் ஊடே உள்ளிருப்பதைக் கண்டு மான் எளிதில் தாவும். அப்பால் தரை இருக்கிறதா என்று காணமுடியாத அடர்வேலியைத் தாவ மான் தயங்கும். வேலிச்செடி வளர்ந்து நெருங்க இரண்டு மூன்று ஆண்டாகும். அதுவரை பழைய முறைப்படி காய்ந்த முள்ளை அடைத்துக் காக்க வேண்டும். மான்கலைகள் கொம்பை உராய்ந்து இளமரப் பட்டையை உரிக்கும்; ஆதலால் இளங்கன்றுகளைச் சுற்றியும் முட்கட்டு வேண்டும். வேலியையொட்டிய விளிம்பு நிலத்தில் மஞ்சள், இஞ்சி போன்ற காரமணப் பயிர்களை வைப்பதும் அறிவுடைமை. பசித்த மான் எதையும் கடித்துப்பார்க்கும். முற்றும் தடுக்கும் வேலி உலகில் இல்லை. ஆனால் இழப்பைப் பொறுக்கும் அளவுக்குக் குறைக்கும் வேலி நம் முன்னோர் கையில் இருந்தது.

வேலிக்கு வெளியே நெல்லியும் இலந்தையும் நிற்கட்டும். நெல்லிக்கனியை விழுங்கும் புள்ளிமான், பின்பு அசைபோடும்போது கொட்டையை உமிழ்ந்துவிடுகிறது. அவ்வாறு அது காட்டில் நெல்லி நடுகிறது. நமக்குக் கூலி கேளாத தோட்டக்காரன் அது!

நொச்சியைக் காவற்பூவாகச் சூடிய மரபை மீண்டும் நினையுங்கள். புறப்பொருள் வெண்பாமாலை மதில்காக்கும் போரை நொச்சித்திணை என்றே தனியாக வகுத்தது. நம்மவர் மதிலைக் காத்த பூவின் செடியே வயலையும் காக்க வல்லது. இலக்கியத்தைத் தேர்வுக்குப் படித்துவிட்டு, வேலிக்கு இரும்புக்கடையைத் தேடுகிறோம்!

மறுப்போர்க்கு விடை

“உங்கள் தனித்தமிழை ஏட்டில் வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு எந்தப் பெயர் சொன்னால் என்ன?” என்பார் சிலர். எருக்கஞ்சேரி என்ற ஊர்ப்பெயருக்குள் எருக்கு நிற்கிறது. நொச்சிக்குப்பத்துக்குள் நொச்சி நிற்கிறது. பெயர் வாழ்ந்ததால்தான் அங்கே என்ன வளர்ந்தது என்பதை இன்றும் அறிகிறோம். செடியின் பெயருக்குள் அதன் முள்ளும் சுவையும் மருந்தும் பொதிந்துள்ளன. பெயரை மாற்றினால் அந்த அறிவுக்குள் நுழையும் வாயில் அடைபடும். அடைத்தபின் “என்ன குறைந்துவிட்டது?” என்று கேட்பது, கண்ணைக் கட்டிவிட்டு இருளைக் குறைசொல்வதற்கு ஒப்பாகும்.

“மான் எங்கள் உளுந்தையும் கடலையையும் தின்கிறது, பாட்டு எங்கள் வயிற்றை நிரப்புமா?” என்று சிற்றுழவர் கேட்கிறார். இந்த வினாவை நாம் தலைவணங்கி ஏற்கிறோம். பண்ணைவீட்டாரின் அழகுச்செடி வேறு. உழவனின் ஓராண்டு உணவு வேறு. பயிரிழந்தவனுக்கு உரிய இழப்பீட்டைக் காலத்தில் தருவது அரசின் கடன். அதைத் தராமல் உழவனுக்கு மட்டும் அறிவுரை கூறுவது முறையன்று. எனினும் உழவர்களே! வீட்டு மின்னோட்டத்தை நேரே கம்பியில் பாய்ச்சாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அறத்தின்படி அதனினும் பெரிய குற்றம். அந்தக் கம்பிக்கு மான் எது, உங்கள் மகன் எவன் என்று தெரியாது. காட்டுவிலங்குகளைக் காக்க 1972 முதல் சட்டம் இருக்கிறது. மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2023இல் விதிகளும் வந்துள்ளன. ஆனால் எழுதிய சட்டத்தினும் ஊன்றிய கிளுவை வலிது!

அரசுக்கும் ஒரு சொல். கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் புல்வாய்க்குக் காப்பிடம் அமைத்தீர்கள்; 2013இல் கங்கைகொண்டானில் புள்ளிமானுக்கு அமைத்தீர்கள். 2022இல் அயற்செடிகளை அகற்றிக் காட்டை மீட்கும் கொள்கையை வெளியிட்டீர்கள். நன்று. ஆனால் காப்பிடத்தின் எல்லைக்கோட்டை மானுக்குப் படித்துக்காட்ட இயலாது. எல்லைக்கு அப்பால் உள்ள ஊர்களுக்குக் கிளுவைப் போத்தும் நொச்சிக்கன்றும் களாக்கன்றும் கொடுத்தீர்களா? உங்கள் நாற்றுப்பண்ணைகளில் மரக்கன்று கிடைக்கிறது; வேலிச்செடி கேட்டால் கைவிரிக்கிறார்கள். பெயர்ப்பலகையிலாவது ஆவாரையை ஆவாரை என்றும், புல்வாயைப் புல்வாய் என்றும் எழுதினால் என்ன? தொல்காப்பியர் மரபியலில் இரலை, கலை என ஆணுக்கும், பிணை எனப் பெண்ணுக்கும், மறி எனக் குட்டிக்கும் பெயர் வகுத்த மொழியில், மானைக் காட்ட ஆங்கிலப் பலகை நடுவது வெட்கக்கேடு!

செய்ய வேண்டுவன

ஒன்று: நிலமுடைய அன்பர் ஒவ்வொருவரும் தம் நிலத்தில் தாமாக முளைத்து நிற்கும் செடிகளைப் பெயரோடு பட்டியலிடுக. தெரியாதவற்றை ஊரின் முதியோரிடமும் ஆடு மேய்ப்போரிடமும் கேட்டெழுதுக. பெயர் அறியும்வரை எதையும் வெட்டற்க.

இரண்டு: உண்ணிச்செடியையும் சீமைக்கருவேலையும் வேரோடு களைக. களைந்த இடத்தை வெறுமையாய் விடற்க. விட்டால் அவையே மீண்டும் வரும். உடனே நாட்டுச்செடியை ஊன்றுக.

மூன்று: மழை தொடங்கும் வேளையில் கிளுவை, நொச்சி, ஆடாதோடை ஆகியவற்றின் போத்துகளை நடுக, ஆவாரை விதையைத் தூவுக.

நான்கு: புதிதாய் நிலம் வாங்குவோரிடம் பகை கொள்ளாமல், வேலிச்செடிகளின் பெயரையும் பயனையும் நேரிற்சென்று எடுத்துரைக்க.

ஐந்து: தமிழாசிரியர்கள் ஐந்திணையைக் கரும்பலகையில் நடத்தி முடிக்காமல், மாணவரை வரப்புக்கு அழைத்துச் செல்க. நொச்சித்திணை நடத்தும் நாளில் ஒவ்வொரு மாணவன் கையிலும் ஒரு நொச்சிக்கொத்து இருக்கட்டும்.

தமிழை மீட்போம் என்று மேடையில் முழங்குகிறோம். தமிழ் நாவில் மட்டும் வாழும் மொழியன்று. வரப்பிலும் வேலியிலும் வேரூன்றி வாழும் மொழி. நாவில் மீட்டு வேலியில் இழந்தால் அது பாதி மீட்புக்கூட ஆகாது. இந்த மழைக்காலத்தில் ஒவ்வொருவரும் பத்து முழ வேலியாவது ஊன்றுங்கள். ஊன்றும்போது அதன் பெயரை உங்கள் பிள்ளையின் வாயால் சொல்ல வையுங்கள். வேலி வளரும், சொல்லும் வளரும், மானும் பிழைக்கும்!

வெல்க தமிழ்!